வால்வு

சத்துவாச்சாரியில் பதினோரு வால்வு என் பொறுப்பு.
விடிகாலை மூன்றரைக்குத் திருகுகம்பியோடு போவேன்.
குழிமூடியைத் தூக்கினால் முதலில் கரப்பான்,
அப்புறம்தான் தண்டு.
இடப்பக்கம் பதினான்கு சுற்று.
குடத்தில் விழும் சத்தத்தை வைத்தே சொல்வேன்
எந்த வீட்டுக்கு வேகம் போதவில்லை என்று.
என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.
வால்வுக்காரன். போதும்.

அதனால்தான் ஸ்கேன் அறையில் டாக்டரம்மா
வால்வு என்றதும்
என்னைக் கூப்பிடுகிறார் என்று எழுந்து நின்றேன்.

சுகந்தாவுக்கு இருபத்துநாலாவது வாரம்.
திரையில் சாவித்துவாரம்போல ஒரு கறுப்பு.
"குழந்தைக்கு மூத்திரம் போற வழியில
வால்வு மாதிரி ஒரு தடுப்பு இருக்கலாம்" என்றார்.
குழந்தை, குழந்தை என்றே சொன்னார்.
ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள் என
அவர் தலைக்கு மேலேயே பலகை.
இது பையன்களுக்கு மட்டும் வருவது என்று
பிறந்தபிறகு இன்னொருவர் சொல்லித் தெரிந்தது.

மொச்சைக்கொட்டை அளவு இருக்கும்போதே நடந்துவிடுமாம்.
கரைய வேண்டிய ஒரு மடிப்பு கரையாமல் நின்றுவிடும்.
வெங்காயத் தோலைவிட மெல்லிசு.
மேலிருந்து நீர் பட்டதும்
மணல் லாரித் தார்ப்பாய்போல் உப்பித்
தானே வழியை மூடிக்கொள்ளும்.
பை முக்குகிறது. முக்கி முக்கிச் சுவர் தடிக்கிறது.
மேல்குழாய்கள் வீங்கி நெளிகின்றன.
போக இடமில்லாத நீர் திரும்பிப் போய்ச்
சிறுநீரகத்தை உள்ளிருந்தே நசுக்குகிறது.

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.
மெயினில் அடைத்தால்
கடைசி வீட்டிலா ஜாயின்ட் விடும்?

விளங்காதது வேறு.
பிள்ளை தன் மூத்திரத்தில்தான் மிதக்குமாம்.
அதையே குடித்து அதையே கழித்து,
அதை இழுத்து விட்டுத்தான்
நுரையீரல் விரியப் பழகுமாம்.
சுகந்தாவின் வயிற்றில் அது வற்றிக்கொண்டிருந்தது.
எங்கள் ஊரைக் கேலி செய்ய
இல்லாததையெல்லாம் அடுக்குவார்கள்,
நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று.
அந்த வரிசையில் இது இல்லை.

நான் எதைத் தின்றேன் என்று கேட்டாள் அவள்.
"நீங்க எதுவும் செய்யலம்மா. ஏன் வருதுன்னு
எங்களுக்கே தெரியாது."
அந்தப் பதிலில் அவளுக்குத் திருப்தியில்லை.
கிரகணத்தன்று கீரை அரிந்ததை நினைத்து நினைத்து
அந்த அரிவாள்மனையைப் பழைய இரும்புக்குப் போட்டாள்.
நாலாவது தெரு அம்மா ஒருத்தி
குடத்தை இடுப்பில் ஏற்றியபடி சொன்னார்:
"ஊருக்குத் தண்ணிய மூடினா
பெத்ததுக்குத் திறக்குமா?"
நான் கம்பியை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போனேன்.
அன்று எத்தனை சுற்று என்று எண்ணிக்கை தப்பிவிட்டது.

தருணேஷ் பிறந்தான். அழுதான்,
நுரையீரல் இருந்தது.
இரண்டாம் நாள் குழாய். ஒன்பதாம் நாள்
கீறாமலேயே, அந்த வழியாகவே
கண்ணுள்ள ஒரு கம்பியை விட்டு அறுத்தார்கள்.
காட்டுங்கள் என்று கேட்டேன்.
காட்டுமளவுக்கு எதுவும் மிச்சமில்லை என்றார்கள்.

வழி திறந்துவிட்டது.
ஆனால் பைக்கு முக்கித்தான் பழக்கம்.
இடது சிறுநீரகம் நூற்றுக்குப் பதினான்கு.
ரேஷன் கார்டு எண் மறந்தாலும்
அவனுடைய கிரியேட்டினின் மறக்காது.

இப்போது ஆறு வயது.
மூன்று மணிக்கு எழுப்புவேன், வேலைக்குப் போகுமுன்.
கண் திறக்காமலே நிற்பான்.
அளவு ஜக்கைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பேன்.
வராது. வரும். நிற்கும்.
"இன்னொரு தடவை, சாமி."
அந்த நேரம் வேலூரில் வேறு சத்தமே இருக்காது,
மேம்பாலத்து லாரிகூட.
மறுபடி வரும், சன்னமாக, பிறகு வேகமாக,
ஜக்கைத் தாண்டி என் பாதத்தில்.

நோட்டில் நூற்றுநாற்பது என்று எழுதினேன்.
கொஞ்சம் யோசித்துப் பக்கத்தில் எழுதினேன்:
காலில் விழுந்தது கணக்கில் இல்லை.

கழுவாமல் கிளம்பிவிட்டேன்.
இன்று நாலாவது தெரு முறை.
பதினான்கு சுற்றுக்குப் பிறகும்
தண்டு இன்னும் அரைச் சுற்று கொடுத்தது.